பல்பை மாற்றும் முன்: பிக்கப் ஹெட்லைட்டில் வெளிச்சம் எங்கே தொலைகிறது?

விடிகாலை மூன்று மணிக்கு ராயக்கோட்டையில் ரோஜாவும் சாமந்தியும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டுக்குக் கிளம்பும் பிக்கப்புக்கு, ஓசூர் வந்து சேரும்வரை ஹெட்லைட்தான் கண். "லைட்டு பத்தலண்ணா" என்று அந்த ஓட்டுநர் ஜே.சி. ரோட்டில் ஒரு கடை ஏறினால், அநேகமாக இரண்டு பெட்டிகளில் ஒன்று அவர் முன்னால் வைக்கப்படும். ஒன்று 100/90 வாட் பல்பு. இன்னொன்று வாலில் குட்டி ஃபேன் வைத்த எல்இடி செட். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டுமே தவறான மருந்து.

பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் சுவிட்ச், வயர், ஹோல்டர், எர்த்து எல்லாவற்றையும் கடந்துதான் பல்பை அடைகிறது. பல்பு தரும் ஒளி ரிஃப்ளெக்டரில் பட்டு, முன்கண்ணாடியைத் தாண்டி, விளக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அந்தப் பக்கம் போகிறது. இந்த வழியில் எங்கே வேண்டுமானாலும் வெளிச்சம் ஒழுகலாம். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாயைத் திறந்துவிட்டால் குடம் நிறையாது, தரைதான் நனையும். ஒழுகும் இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தேவை ஒரு மல்டிமீட்டர், ஒரு டேப், ஒரு சுவர், அரை நாள் நேரம்.

வண்டியில் இருப்பது எந்தப் பல்பு?

இங்கே ஓடும் சின்ன சரக்கு வண்டிகளில் அதிகம் காணப்படுவது எச்4 வகை. பின்னால் மூன்று தட்டையான பின்கள் இருக்கும். ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு இழைகள்: ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். அதனால்தான் 60/55 என்று எழுதுகிறார்கள். லோவுக்கும் ஹைக்கும் தனித்தனி ரிஃப்ளெக்டர் உள்ள ஹெட்லைட்டில் எச்7, எச்1, எச்11 போன்ற ஒற்றை இழைப் பல்புகள் வரும். இவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. அடித்தட்டின் வடிவமே வேறு. கையேட்டைப் பாருங்கள், கையேடு இல்லையென்றால் பழைய பல்பைக் கழற்றி அதன் உலோக அடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பிப் பயனில்லை.

வோல்ட்டையும் பாருங்கள். சின்ன பிக்கப்புகள் 12 வோல்ட்; பெரிய லாரிகள் 24 வோல்ட். 24 வோல்ட் பல்பை 12 வோல்ட் வண்டியில் போட்டால் செக்கச்செவேலென்று மங்கி எரியும். 12 வோல்ட் பல்பை 24-இல் போட்டால் ஒரு பளிச், அதோடு சரி.

எச்4 பல்பை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தால், லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் தெரியும். இந்தக் கட்டுரையில் மறக்கக்கூடாத பாகம் இதுதான். லோ பீம் எரியும்போது ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் தடுப்பது இந்தக் கிண்ணம். கீழ்ப்பாதியில் பட்ட ஒளி மேல்நோக்கித் தெறிக்கும்; அது போனால் எதிரில் வருபவர் கண்ணில்தான் போய் விழும். கிண்ணத்தின் விளிம்புதான் சுவரில் நாம் பார்க்கும் அந்தக் கூர்மையான கோட்டை உண்டாக்குகிறது: மேலே இருட்டு, கீழே வெளிச்சம், இடப்பக்கம் மட்டும் கோடு லேசாக ஏறும். நாம் இடப்பக்கமாக ஓட்டுவதால், சாலையோரம் நடப்பவரும் மைல்கல்லும் தெரிய அந்த ஏற்றம். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த ஹெட்லைட்டை வாங்கி மாட்டினால் ஏற்றம் வலப்பக்கம் போய்விடும், அதாவது எதிரே வருபவர் முகத்துக்கு. பழைய இறக்குமதிச் சாமான் வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பெட்டி மேல் எழுதியிருப்பது

வாட் என்பது பல்பு சாப்பிடும் மின்சாரம். லூமன் என்பது அது தரும் மொத்த ஒளி. பன்னாட்டு விதிப்படி எச்4 பல்பு 13.2 வோல்ட்டில் லோ பீமுக்குச் சுமார் 1,000 லூமனும் ஹை பீமுக்குச் சுமார் 1,650 லூமனும் தரவேண்டும். இதில் 15 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். எச்7 சுமார் 1,500 லூமன். நல்ல நிறுவனத்தின் சாதாரண பல்பும் விலை கூடிய பல்பும் இந்த வரம்புக்குள்தான் நிற்கின்றன.

அப்படியானால் "100 சதவீதம் கூடுதல் வெளிச்சம்", "130 சதவீதம் கூடுதல்" என்று எழுதியிருப்பது பொய்யா? முழுப் பொய் இல்லை. பீமின் ஒரு குறிப்பிட்ட புள்ளியில், விதி கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது. இழையை இன்னும் நெருக்கமாகச் சுற்றி, இன்னும் துல்லியமான இடத்தில் நிறுத்தி, உள்ளே வாயு அழுத்தத்தைக் கூட்டி இதைச் செய்கிறார்கள். சாலையில் வித்தியாசம் தெரியும். தூரத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இரட்டிப்பாகத் தெரியாது. கூடவே ஒரு விலை உண்டு: இழை அதிகச் சூட்டில் எரிவதால் ஆயுள் குறைவு. ராத்திரி முழுக்க ஓடும் சரக்கு வண்டிக்கு இதையும் கணக்கில் வைக்க வேண்டும். "நீண்ட ஆயுள்" என்று வரும் பல்பு நேரெதிர்: இழை கொஞ்சம் குளிர்ந்து எரியும், நிறைய நாள் வரும், ஒளி சற்று மட்டு.

கெல்வின் என்பது ஒளியின் நிறம், அளவு அல்ல. சாதாரண ஹாலஜன் (எச்4, எச்7 எல்லாம் இந்த வகைதான்) 3,200 கெல்வின் அருகில், இளமஞ்சள் வெள்ளை. "டைமண்ட் வைட்", "ஐஸ் புளூ" என்று வரும் பல்புகளில் கண்ணாடிக்கு நீலப் பூச்சு போட்டிருப்பார்கள். பூச்சு மஞ்சள் ஒளியைத் தடுத்துத்தான் வெள்ளையாகக் காட்டுகிறது. தடுத்தது வெளியே வராது. ஆக, தரும் ஒளி குறையும். அதை ஈடுகட்ட இழையை இன்னும் சூடேற்றுவார்கள், ஆயுள் போகும். வண்டி முகப்பு பார்க்க நவீனமாக இருக்கும். மழை நாளில் தார் ரோடு அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். பார்ப்பதற்காக ஹெட்லைட் போடுகிறோமா, பார்க்கப்படுவதற்காகவா என்பதை முடிவு செய்துகொண்டு வாங்குங்கள்.

மார்கழி, தை மாதங்களில் சிக்கபள்ளாப்பூர், நந்தி மலைப் பக்கம் போகிறவர்கள் மஞ்சள் பல்பு பனியைத் துளைக்கும் என்பார்கள். பனித்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளில் நீலம் வெட்டப்படுவதால் கண் கூச்சம் குறைகிறது, அவ்வளவே. பனியில் உண்மையில் உதவுவது பம்பருக்குக் கீழே தாழ்வாக மாட்டிய, மேல்விளிம்பு கூர்மையாக வெட்டிய ஃபாக் லைட்.

100/90 ஏன் வேண்டாம்

இரண்டு 60 வாட் ஹை பீம் இழைகள் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் இரண்டு என்றால் 16.7 ஆம்பியர். ஒன்றரை மடங்கைவிடச் சற்று அதிகம்தானே என்று தோன்றும். ஆனால் வயரிலும் சுவிட்சிலும் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். கணக்குப் போட்டால் சூடு 2.8 மடங்கு. ஹோல்டர் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகுவதும், ஹை-லோ மாற்றும் டிப்பர் சுவிட்ச் கருகுவதும், லைட் சுவிட்ச் தொட்டால் சுடுவதும் இதனால்தான். பல வண்டிகளில் ஹெட்லைட் மின்னோட்டம் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்திலுள்ள அந்தச் சுவிட்ச் வழியாகவே போகிறது. ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போட்டுவிட்டால், அடுத்து எரியப்போவது வயர்.

இத்தனைக்கும் கிடைப்பதும் குறைவு. மின்னோட்டம் கூடினால் வயரில் வோல்ட் இழப்பும் கூடும். பல்பு பட்டினியாகவே எரியும். சூடு தாங்காமல் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு மங்கும், பிளாஸ்டிக் முன்கண்ணாடி கோலம் போட்டதுபோல் வெடிக்கும். சட்டத்துக்கும் அது ஆகாது. அனுமதி பெற்ற 12 வோல்ட் எச்4 என்றால் 60/55 மட்டுமே.

மீட்டரை எடுங்கள்

ஹாலஜன் பல்பின் குணம் ஒன்று பலருக்குத் தெரியாது. வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் நிறையக் குறையும். தோராயமாக வோல்ட்டின் 3.4-ஆவது படிக்கு ஒளி மாறுகிறது. 5 சதவீதம் வோல்ட் குறைந்தால் 16 சதவீதம் ஒளி போகும். 10 சதவீதம் குறைந்தால் 30 சதவீதம் போகும். ஆயுள் எதிர்த்திசையில் இன்னும் வேகமாக மாறும்: 5 சதவீதம் வோல்ட் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி.

இப்போது அளக்கலாம். இன்ஜினை ஓடவிட்டு லோ பீம் போடுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரியின் இரு முனைகளிலும் பிடியுங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். 13-க்குக் கீழே கிடந்தால் பெல்ட், ஆல்டர்னேட்டர், பேட்டரி முனைகளின் பச்சைப் பூஞ்சை இவற்றைப் பார்க்காமல் பல்பைத் தொடாதீர்கள். 14.8-க்கு மேலே போனால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அடிக்கடி பல்பு போவதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அடுத்து பல்பில். ஹோல்டரைக் கழற்றாமல், எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் மீட்டர் முனையைச் செருகி, லோ பீம் பின்னுக்கும் எர்த்து பின்னுக்கும் நடுவே அளவெடுங்கள். பல்பு கழற்றிய நிலையில் அளந்தால் இழப்பு தெரியாது. மின்னோட்டம் ஓடினால்தான் இழப்பு வெளிவரும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

பேட்டரியில் 14.0, பல்பில் 12.4 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 1.6 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. ஒளியில் அது மூன்றில் ஒரு பங்கு. இந்த வண்டிக்கு எந்த உயர்ரகப் பல்பு வாங்கினாலும் மூன்றில் ஒரு பங்கை வயருக்குப் படைத்துவிட்டுத்தான் எரியும். இழப்பு அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங்கை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

இழப்பு எந்தப் பக்கம் என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை பல்பின் எர்த்து பின்னிலும் வையுங்கள். 0.1, 0.2-க்கு மேல் காட்டினால் எர்த்துதான் குற்றவாளி. ஒரு பக்க விளக்கு மட்டும் மங்கல் என்றால் பத்தில் எட்டு முறை இதுதான் என்று எண்ணி இங்கிருந்து தொடங்குங்கள். எர்த்து வயர் பாடியில் போல்ட் ஆகும் இடத்தைக் கழற்றி, துருவையும் பெயிண்டையும் உப்புத்தாளால் சுரண்டி, கிரீஸ் தடவி இறுக்கினால் காசில்லாமல் வெளிச்சம் திரும்பிவிடும்.

எர்த்து சரியாக இருந்தும் இழப்பு அதிகம் என்றால் ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வைத்து வயரிங் போட வேண்டும். தத்துவம் எளிது. நான்கு மீட்டர் நீளமுள்ள 1 சதுர மி.மீ. செம்பு வயரில் 10 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 0.7 வோல்ட் போகும். 2.5 சதுர மி.மீ. வயரில் 0.28 தான். பேட்டரியிலிருந்து ஹெட்லைட் ஒன்றரை மீட்டர் தூரம். ஆனால் பழைய வழி டாஷ்போர்டுக்குள் போய்ச் சுவிட்சைச் சுற்றிவிட்டு வருகிறது. ரிலே போட்டால் பெரிய மின்னோட்டம் குறுக்குவழியில் நேராகப் பல்புக்குப் போகும். பழைய சுவிட்ச் "இப்போது போடு" என்று சைகை மட்டும் செய்யும்.

லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று என்று 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே இரண்டு வேண்டும். ரிலேயில் 30 என்ற முனைக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். 87 முனையிலிருந்து இரு பல்புகளுக்கும் அதே தடிமனில் வயர். 86-க்குப் பழைய ஹோல்டரிலிருந்து லோ பீம் வயர். 85 எர்த்து. ஹை பீமுக்கும் இதே போல. பல்புகளின் எர்த்தையும் புது வயரில் இழுங்கள்; பாசிட்டிவை மட்டும் தடிமனாக்கி எர்த்தை அப்படியே விட்டால் பாதி வேலைதான் ஆனது. பல்புக்கு செராமிக் ஹோல்டர் போடுங்கள். ரிலேயை முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் தண்ணீர் தேங்காது. பழைய ஹோல்டர்களில் ஒன்று சைகைக்குப் போகும். மற்றதை டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். கே.ஆர். மார்க்கெட்டை ஒட்டிய எஸ்.ஜே.பி. ரோட்டிலும் ஜே.சி. ரோட்டிலும் இது தயார் செட்டாகவே கிடைக்கும். ஆனால் வயரின் தடிமனைப் பிரித்துப் பாருங்கள். மேலே தடித்த பிளாஸ்டிக், உள்ளே நான்கு முடி செம்பு என்று வருவதும் உண்டு.

இரண்டு எச்சரிக்கை. சில வண்டிகளில் சுவிட்ச் பாசிட்டிவைக் கட் செய்யாமல் எர்த்தைக் கட் செய்யும். அதற்குச் சாதாரண ரிலே செட் ஒத்துவராது. மீட்டரால் உறுதி செய்துகொண்ட பிறகே தொடங்குங்கள். கம்ப்யூட்டர் மூலம் பல்பைக் கண்காணிக்கும் புது வண்டிகளிலும், வாரன்டி ஓடும் வண்டிகளிலும் வயரிங்கில் கை வைக்காதீர்கள்.

பல்பில் 12.4 இருந்தது 13.6 ஆனால், அதே பழைய 60/55 பல்பு 37 சதவீதம் கூடுதலாக ஒளி தரும்.

எல்இடி செட்டின் கதை

எல்இடி நல்ல தொழில்நுட்பம். தொழிற்சாலையிலேயே எல்இடிக்கென்று வடிவமைத்த ஹெட்லைட்டின் மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. சிக்கல், ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடியைச் செருகும்போது வருகிறது.

ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் ஒளி ஒரு குறிப்பிட்ட புள்ளியிலிருந்து கிளம்பும் என்று நம்பி வெட்டப்பட்டது. ஹாலஜன் இழை சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய சுருள். சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஒளி வீசும். எல்இடியில் ஒரு பலகையின் இரு முகங்களில் சில்லுகள். பலகைக்குத் தடிமன் உண்டு, அதனால் ஒளி மையத்திலிருந்து விலகியே கிளம்புகிறது. மேலும் கீழும் போகவேண்டிய பங்கு பக்கவாட்டில் போகிறது. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே சாலையில் பீம் கலைந்துவிடும். விளைவு: வண்டிக்கு முன்னால் பத்து மீட்டரில் பட்டப்பகல், அதற்கப்பால் ஒன்றுமில்லை, எதிரே வருபவருக்குக் கண் கூச்சம்.

அந்தப் பட்டப்பகல்தான் ஏமாற்றுகிறது. கண்ணுக்கு அருகே பிரகாசம் கூடினால் கண்மணி சுருங்கும். தூரத்து இருட்டில் நிற்கும் மாடு முன்பைவிட மங்கலாகவே தெரியும். ஓட்டுநரோ "சூப்பரா இருக்கு" என்று வேகத்தைக் கூட்டுவார். மணிக்கு 60 கி.மீ.யில், கண்டுகொள்ள ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டால் 25 மீட்டர் போய்விடும். லோடு வண்டி பிரேக் பிடித்து நிற்க இன்னும் 28 மீட்டர். மொத்தம் 53 மீட்டர். 80 கி.மீ.யில் இது 80 மீட்டரைத் தாண்டும். காலடியில் இருக்கும் வெளிச்சம் இந்தக் கணக்குக்கு உதவாது.

பெட்டியில் 20,000 லூமன், 200 வாட் என்று இருக்கும். மீட்டரை ஆம்பியரில் வைத்து ஒரு பல்பை அளந்து பாருங்கள். 2.5 ஆம்பியர் இழுத்தால் அது 30 வாட். ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தாராளமாகக் கொடுத்தாலும் 3,000-ஐத் தாண்டாது. 20,000 வேண்டுமானால் 200 வாட் உண்மையிலேயே இழுக்க வேண்டும். அந்தச் சூட்டைக் கட்டைவிரல் அளவு ஃபேன் ஆற்றாது. எல்இடியின் சூடு பின்பக்கமாகத்தான் வெளியேறும். அங்கே ரப்பர் மூடியைப் போட்டால் ஃபேனுக்கு மூச்சு முட்டும். போடாவிட்டால் தூசியும் தண்ணீரும் ரிஃப்ளெக்டருக்குள் போகும்.

ஜெர்மனியில் 2020-இல் எல்இடி மாற்றுப் பல்புக்கு அனுமதி கொடுத்தார்கள். எல்லா வண்டிக்கும் அல்ல. குறிப்பிட்ட பல்பு, குறிப்பிட்ட மாடலின் ஹெட்லைட் என்று ஜோடி ஜோடியாகச் சோதித்துப் பட்டியல் போட்டார்கள். ரிஃப்ளெக்டரும் பல்பும் பொருந்தவேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எச்ஐடி (இழை இல்லாமல் வாயுவில் மின்பொறியால் எரியும் ஜெனான் பல்பு) செட்டுக்கும் இதே குறை, இன்னும் மோசமாக.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசவைக்காதபடி பீம் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. கர்நாடகத்தில் 2024 ஜூலையில் கண்கூசும் விளக்குகள் மீது போலீஸ் தனியாகவே வழக்குப் போடத் தொடங்கியது. ஓசூர் ரோட்டில் தினம் போய்வரும் வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும்

பிளாஸ்டிக் முன்கண்ணாடி வெயிலில் மஞ்சளாகும். 1,000, 2,000, 3,000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டு வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புற ஊதாக் கதிர் தடுக்கும் பூச்சு அடித்தால் தெளியும். பூச்சு அடிக்காவிட்டால் சில மாதங்களில் பழைய கதைதான். உள்ளே ரிஃப்ளெக்டர் கருத்தோ உரிந்தோ இருந்தால் அதைத் துடைக்கவே கூடாது. அந்த அலுமினியப் படலம் துணி பட்டாலே வந்துவிடும். ஹெட்லைட்டை முழுதாக மாற்றுவதுதான் வழி. புது ஹெட்லைட்டில் சாதாரணப் பல்பு, கருத்த ரிஃப்ளெக்டரில் உள்ள எந்த விலையுயர்ந்த பல்பையும் தோற்கடிக்கும்.

வாங்குவதும் மாட்டுவதும்

இவ்வளவும் சரிபார்த்த பிறகு வாங்கவேண்டியது: பிலிப்ஸ், ஓஸ்ராம் போன்ற பேர் தெரிந்த நிறுவனத்தின் 12 வோல்ட் 60/55 வாட் எச்4, நீலப் பூச்சு இல்லாத தெளிந்த கண்ணாடி, இரண்டாக. ராத்திரியில் கம்மியாக ஓட்டுபவர் கூடுதல் வெளிச்ச ரகத்தை எடுக்கலாம். தினமும் ராத்திரி ஓட்டுபவருக்குச் சாதாரண ரகமே கட்டுபடியாகும். உலோக அடியில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பன்னாட்டு விதிப்படி சோதித்ததற்கான முத்திரை அது. இழை கோணலாக இருந்தாலோ, உள் கிண்ணம் சாய்ந்திருந்தாலோ, கண்ணாடி அடித்தட்டில் ஆடினாலோ டூப்ளிகேட் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு பக்கம் போனாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். டங்ஸ்டன் ஆவியாகி இழை மெலிய மெலிய ஒளி குறையும். உள்ளே கண்ணாடி கருத்திருந்தால் அது முதுமை அடைந்துவிட்டது.

விளக்கை அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். ஹோல்டரை நேராகப் பின்னுக்கு இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை அழுத்தி விலக்கினால் பல்பு வரும். எச்4 அடித்தட்டில் மூன்று காதுகள். ஒன்று மற்ற இரண்டைவிட வேறு அகலம். அது அதற்குரிய பள்ளத்தில் உட்காரும்வரை திருப்புங்கள். கோணலாக உட்கார்ந்த பல்பு கிளிப்புக்குள் பிடித்துக்கொள்ளும், பீம் மட்டும் தறிகெட்டுப் போகும். கண்ணாடியில் விரல் படக்கூடாது. கையின் எண்ணெய்ப் பசை அந்த இடத்தில் மட்டும் சூட்டைக் கூட்டிக் குவார்ட்ஸைக் கெடுத்துவிடும். பட்டுவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு மாட்டுங்கள். ரப்பர் மூடியில் மேல்பக்கம் குறித்திருந்தால் அதைப் பார்த்தே போடுங்கள். தண்ணீர் வடியும் துளை கீழே இருக்க வேண்டும்.

லோடு ஏறினால் பீமும் ஏறும்

கார் வைத்திருப்பவரைவிடப் பிக்கப் வைத்திருப்பவர் அதிகம் கவலைப்படவேண்டிய இடம் இது. லோ பீம் சாதாரணமாக 1 சதவீதம் தாழ்ந்து போகும்படி வைக்கிறார்கள். அதாவது 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம். பல ஹெட்லைட்டுகளின் மேலேயே இந்தச் சதவீதம் அச்சிட்டிருக்கும். இருந்தால் அதையே பின்பற்றுங்கள். விளக்கு தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருந்தால், 1 சதவீத இறக்கத்தில் பீம் 80 மீட்டரில் சாலையைத் தொடும்.

இப்போது லோடு ஏற்றுங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 5 செ.மீ. கூடுதலாகத் தாழ்ந்தது என்போம். இரு அச்சுகளுக்கும் இடையே 2.5 மீட்டர் என்றால் வண்டி 2 சதவீதம் அண்ணாந்துவிட்டது. 1 சதவீதம் கீழே பார்த்த பீம் இப்போது 1 சதவீதம் மேலே பார்க்கிறது. 50 மீட்டரில் அது 130 செ.மீ. உயரத்தில் போகும். கார் ஓட்டுபவரின் கண் அந்த உயரத்துக்குக் கீழேதான் இருக்கிறது. லோ பீமே போட்டிருந்தும் எதிரே வருபவர் ஏன் ஹை பீம் அடித்துத் திட்டுகிறார் என்று புரியாமல் தவிக்கும் லோடு வண்டிக்காரர்கள் நிறையப் பேர். காரணம் இதுதான். லோடுக்கு ஏற்றபடி பீமை இறக்கிவைத்துவிட்டு எம்டியாகத் திரும்பினால், அதே பீம் 3 சதவீதம் தாழ்ந்து 27 மீட்டரிலேயே தரையில் முட்டும். "லைட்டு பத்தல" என்ற புகார் பாதி இங்கே பிறக்கிறது.

சுவரில் வைத்துப் பார்க்கலாம். சமதளமான இடம், காற்று சரியாக அடித்த டயர், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர். வண்டி முகப்பு சுவரைத் தொடும்படி நிறுத்தி, இரு ஹெட்லைட்டுகளின் மையத்தையும் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். நேராகப் பின்னால் வந்து 5 மீட்டரில் நிறுத்துங்கள். குறித்த மையங்களுக்கு 5 செ.மீ. கீழே ஒரு டேப்பைக் கிடைமட்டமாக ஒட்டுங்கள். ஒரு விளக்கை அட்டையால் மறைத்து, மற்றதன் வெளிச்சக் கோட்டின் தட்டையான பகுதி டேப்பில் உட்காரும்வரை பின்னாலுள்ள திருகைத் திருப்புங்கள். கோடு இடப்பக்கம் ஏறத் தொடங்கும் முனை அந்தந்த விளக்கின் மையத்துக்கு நேரே இருக்க வேண்டும். பிறகு மற்ற விளக்கு. கோடே தெரியாமல் வெளிச்சம் புகைபோல் பரவினால் பல்பு சரியாக உட்காரவில்லை, அல்லது பல்பே சரியில்லை.

டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஹெட்லைட் ஏற்ற இறக்கத் திருகு இருந்தால் 0-வில் வைத்து எம்டியாக இந்த வேலையைச் செய்யுங்கள். அடுத்து, வழக்கமாக ஏற்றும் லோடோடு அதே சுவர் முன் வந்து, எந்த எண்ணில் கோடு மறுபடி டேப்புக்கு வருகிறது என்று பார்த்து அந்த எண்ணை டாஷ்போர்டிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். திருகு இல்லாத வண்டியில் எம்டிக்கும் லோடுக்கும் இடையே பின்திருகு எத்தனை சுற்று என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், கே.ஆர். மார்க்கெட்டில் சரக்கை இறக்கியதும் ஸ்க்ரூடிரைவரால் அந்தச் சுற்றுகளைத் திருப்ப இரண்டு நிமிடம் ஆகும். எம்டியாக நிற்கும்போதே பின்பக்கம் தொங்கும் வண்டியில் பட்டை ஸ்பிரிங் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் பீமைச் சரிசெய்ய முடியாது.

கழற்றிய பழைய பல்புகளில் இழை அறுந்துபோகாத ஒன்றை, புதுப் பல்பு வந்த பெட்டியிலேயே போட்டு டாஷ்போர்டு அறையில் வையுங்கள். கூட ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸும்.